வெள்ளாற்றில் காற்று வாங்க யார் வருவார்கள்?

ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளாற்றின் தென்கரையில் இருந்த ஒரு சிற்றூரில் நான் கிராம சேவகராக இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என் மனைவிக்கு மணமேல்குடிப் பக்கம். கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஆறு அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கரை நெடுக தாழம்புதரும் நாணலும் மண்டிக் கிடந்தன. கோடையிலும் தண்ணீர் நிற்கும் மடுவுக்குக் கீழே ஒரு குழியில் கற்றாழை மட்டையை ஊறப்போட்டு நார் எடுப்பார்கள்; காற்று திரும்பினால் அந்த நாற்றம் வீட்டுக்குள் வரும். செத்த மாட்டை இழுத்துவந்து போடுவதும் அங்கேதான்.

எங்கள் வளர்ச்சி அதிகாரி திருச்சியில் படித்தவர். காவிரி மணலில் சாயங்காலம் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தவர். இங்கேயும் ஆற்றைச் சுத்தம் செய்தால் மக்கள் வருவார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. கேள்வித்தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, வீடு வீடாகப் போய்க் கேட்டுவரச் சொன்னார். ஆற்றுக்குப் போவதுண்டா, எதற்காகப் போகிறீர்கள், சுத்தம் செய்தால் பொழுதுபோக்குக்காக வருவீர்களா என்று மூன்றே கேள்விகள்தான் அதில் இருந்தன.

நான் குடியிருந்த வீட்டுக்காரரிடமே முதலில் கேட்டேன். கோடையில் ஆற்று மணலில் வெள்ளரி போடுகிறவர். மூன்றாவது கேள்வியை நான் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"புறம்போக்கா?"

"இல்லண்ணே, பொழுதுபோக்கு."

"எல்லாம் ஒண்ணுதான் தம்பி. இப்புடிக் கேட்டுட்டுப் போவீங்க. நாளைக்குச் சங்கிலியப் புடிச்சுக்கிட்டு அளக்க வருவாக. வெள்ளரி போட்ட எடம் சர்க்காருதும்பாக."

"சாயங்காலம் வந்து சும்மா உக்காந்து காத்து வாங்கத்தாண்ணே."

"சும்மா உக்காரச் சொல்லிச் சர்க்கார் எதுக்குய்யா காயிதம் அனுப்புது?"

தாளை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அன்றே இந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு நான் கேட்ட எல்லாரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். "வருவோம், வருவோம். எழுதிக்கங்க." முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. சீக்கிரம் இடத்தைக் காலி பண்ணு என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் எழுதிக்கொண்டேன். அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

மாசியில் தண்ணீர் வடிந்ததும், கூலியில்லாமல் ஊர் வேலை செய்யும் சிரமதானம் நடந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வாத்தியார்கள் வந்தார்கள். தாழம்புதரை வேரோடு பறித்தோம். நாணலை அறுத்து எரித்தோம். கற்றாழை மட்டையை அள்ளி, இனி இங்கே ஊறப்போடக் கூடாது என்று தண்டோரா போட்டோம். மடுவை அடுத்த மேட்டில் இரண்டு கல் பெஞ்சுகள் போடப்பட்டன. அங்கே நின்று பார்த்தால் ஆறு வளைந்து திரும்பும் இடம்வரை ஒரு தடையும் இல்லாமல் தெரிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஒருவரும் வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். மற்றவர்களுக்குக் கூச்சம் விடட்டும் என்று தினமும் சாயங்காலம் நானே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். வரப்பில் போகிறவர்கள் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் கிட்டே வந்து, "யாரை எதிர்பாத்து உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. வீட்டுக்காரர்தான் யாரும் போகக் கூடாதென்று ஊரைத் தடுத்துவைத்திருக்கிறார் என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்தது. அவர் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். நான் வருவதைப் பார்த்து அவர்கள் பேச்சை நிறுத்தினால் அது உறுதியாகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் போக்கையும் கவனித்தேன். முன்பெல்லாம் காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போய் அரை மணியில் திரும்பிவிடுவாள். இப்போது நான் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் போகிறாள் போலிருந்தது. ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. வெகுநேரம் கழித்து ஈரத்தலையோடு வந்தாள். வந்த பாதை ஆற்றுப் பக்கம் இல்லை.

"எங்க போயிருந்த?"

"குளிக்க."

அவ்வளவுதான் சொன்னாள். நானும் மேலே கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்குப் பெருந்தன்மை காரணமில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று நினைத்தேன். இதை எழுதும்போது இன்றும் கை கூசுகிறது.

மறுநாள் வேலைக்குப் போவதுபோல் போய், சைக்கிளைக் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு அவள் பின்னால் நடந்தேன். ஊருக்கு வெளியே, பாறை உடைத்துக் கைவிட்ட ஒரு கல்குட்டை உண்டு. ஒரு மைலுக்கு மேலே இருக்கும். கொதிக்கும் வெயிலில் அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். நான் பாறை இடுக்கை நெருங்கும்போது வீட்டுக்காரரின் மனைவி எதிரே எழுந்து நின்றார். கையில் ஒரு வேப்பங்குச்சி.

"அங்கினயே நில்லுங்க தம்பி! பொம்பளைக குளிக்கிறாக."

நான் நின்றுவிட்டேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சும் சிரிப்பும் சட்டென்று அடங்கின.

"இவ்வளவு தூரம் எதுக்கக்கா வாரீங்க? ஆறு பக்கத்துலதானே இருக்கு?"

"ஆத்துல மறைப்பு எங்க இருக்கு? தாழம்பொதர வெட்டுனது நீங்கதானே? வெட்டிப்புட்டு, குளிக்கிற எடத்துக்கு நேரா பெஞ்சும் போட்டுருக்கீங்க. ஆம்பளைகளக் காத்து வாங்க வாங்கன்னு கூப்புடுறீங்க. நாங்க என்னன்னு நெனைக்கிறது?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "தெனமும் சாயங்காலம் அதுல யாரு வந்து உக்காந்திருக்கான்னு ஊருக்கே தெரியும்."

வந்த வழியே திரும்பி நடந்தேன். அந்த மூன்று கேள்விகளை நான் ஒரு பெண்ணிடமும் கேட்டதில்லை. என் வீட்டில்கூடக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஈரப் புடவையைக் கொடியில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"பின்னாலயே வந்தீங்களா?"

"ஆமா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

அன்றைக்கும் அடுத்த சில நாட்களும் சோறு போட்டாள், பேசவில்லை.

நான் அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன், பின்தொடர்ந்ததை மட்டும் விட்டுவிட்டு. அவர் நாற்காலியில் சாய்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதை ஒங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தா? கற்றாழைக்காரங்களா, வெள்ளரிக்காரங்களா?" அவருக்கும் என்மேல் சந்தேகம். நேரில் வந்து பாருங்கள் சார் என்றேன்.

ஒரு சாயங்காலம் ஜீப்பில் வந்தார். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். காற்று நன்றாகத்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எதிர்க்கரையில் குடத்தோடு ஒரு பெண் இறங்கினாள். எங்களைப் பார்த்தாள். குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டாள்.

"ஏன் திரும்பிப் போறாங்க?" என்றார்.

"நாம ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம் சார்."

அவர் உடனே எழுந்துவிட்டார். நேராகப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். அடுத்த வாரம் ஆட்கள் வந்து இரண்டு பெஞ்சுகளையும் பெயர்த்து, வளைவுக்குக் கீழே, பாலத்துப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள். மடுவின் ஓரத்தில் எதையும் வெட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. பாலத்து பெஞ்சில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் உட்கார ஆரம்பித்தார்கள். அதைக் காற்று வாங்குவதாக அறிக்கையில் எழுதலாமா என்று அதிகாரி கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

மறைப்பாக ஓலைத்தட்டி கட்டித் தரட்டுமா என்று வீட்டுக்காரரின் மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். "ஓலையில ஓட்டை இருக்காதுன்னு யாரு கண்டா? நீங்க ஒண்ணும் செய்யாம இருங்க தம்பி, அது போதும்" என்றார்.

கார்த்திகை மழையில் ஆறு வந்தது. வெள்ளம் வடிந்தபோது நாணல் முழங்கால் உயரம் நின்றது. அடுத்த வருஷம் ஆள் உயரம் வளர்ந்தது. ஒவ்வொருவராகப் பெண்கள் மடுவுக்குத் திரும்பினார்கள். என் மனைவி எல்லாருக்கும் கடைசியாகத்தான் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. எங்கே கிளம்பினாலும், நான் கேட்காமலேயே, "ஆத்துக்குப் போய்ட்டு வாரேன்", "கடைக்குப் போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள். சொல்ல வேண்டாம் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டுவாள். மறுநாளும் சொல்வாள்.