மழைக்கு மட்டும் விழுந்த டிரான்ஸ்பார்மர்

2008 ஐப்பசியில் எங்கள் தொழிற்சாலை டிரான்ஸ்பார்மர் பதினைந்து நாளில் மூன்று தடவை டிரிப் ஆகித் தானாக நின்றது. மூன்று தடவையும் மழை. மூன்று தடவையும் பேனல் அறையில் இருந்தவர் ஒரே ஆள். மேனேஜர் கண்ணில் இரண்டாவது விஷயம் மட்டும்தான் பட்டது. அப்படிப் பட்டதற்குக் காரணம் என் வாய்.

குடிகாட்டை ஒட்டிய கெமிக்கல் எஸ்டேட்டில் இருந்த ஒரு நடுத்தரமான ஆலை அது. எலக்ட்ரிகல் பராமரிப்பு என் பொறுப்பு. சிதம்பரத்தில் வாடகை வீடு. அகல ரயில் பாதை போடுவதற்காகப் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்த காலம், அதனால் கடலூர் பஸ்தான் கதி. கடலூர் வருவதற்கு முன்பே எஸ்டேட் வாசலில் இறங்கிக்கொள்வேன். மழைக்காலத்தில் இறங்கும்போதே மேலே நிமிர்ந்து, புகைக்குழாயில் புகை வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் கரண்ட் இருக்கிறது, என் மானமும் இருக்கிறது என்று அர்த்தம்.

டிரான்ஸ்பார்மருக்கு உள்ளே கோளாறு என்றால் எண்ணெயில் வாயுக் குமிழிகள் கிளம்பும். அவை மேலே ஏறுகிற குழாயில் காவல்காரன் மாதிரி ஒரு ரிலே உட்கார்ந்திருக்கும். புக்கோல்ஸ் ரிலே என்று பெயர். வாயு சேர்ந்தால் அதற்குள் இருக்கும் மிதவை சாய்ந்து இரண்டு ஒயர்களைச் சேர்த்துவிடும், பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றுவிடும். எங்களுக்கு மூன்று முறையும் கத்தியது இந்தக் காவல்காரன்தான். ஆனால் அதன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு குமிழி இல்லை. எண்ணெயைச் சோதித்தோம், நன்றாக இருந்தது. உள்ளே இருக்கும் கம்பிச் சுற்றுகளைச் சோதித்தோம், அவையும் நன்றாக இருந்தன. மழை விட்டதும் ஏறி, ரிலேயின் ஒயர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. திருடனே வராத வீட்டில் காவல்காரன் மூன்று தரம் கூச்சல் போட்டிருக்கிறான்.

அந்தக் கூச்சலுக்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது. கரண்ட் போனால், ஜெனரேட்டரைக் கிளப்பி மாற்றுவதற்குள் ரியாக்டரில் ரசாயனத்தைக் கலக்குகிற கலக்கி நின்றுவிடும். கலக்கி நின்றால் உள்ளே இருக்கிற சரக்கு கட்டிதட்டிப் போகும். அதை உளி வைத்துப் பெயர்த்து எடுப்பதற்கு இரண்டு நாள் ஆகும். பெயர்க்கிறவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

பேனல் ஆபரேட்டர் குடிகாட்டுக்காரர். என்னைவிட ஏழு வயது மூத்தவர், பேச்சு குறைவு. மணிக்கு ஒரு தரம் டிரான்ஸ்பார்மர் நிற்கும் யார்டுக்குப் போய் எண்ணெய்ச் சூட்டைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவார். பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட். அந்த வருடம் நான்கு பேரைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பட்டியல் தயாராகி, அதில் அவர் பெயரும் இருந்தது. வயது வரம்பு நாற்பத்தைந்து. அவருக்கு அப்போது நாற்பத்து நான்கு. இதை விட்டால் அவருக்கு வேறு வாய்ப்பு கிடையாது.

மூன்றாவது டிரிப்புக்கு மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னாங்க இது, உள்ளயும் கோளாறு இல்ல, வெளியயும் கோளாறு இல்லன்றீங்க. அப்ப எப்படி டிரிப் ஆவுது?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வராது. தெரிந்த ஒன்றை எடுத்து விட்டேன்.

"ரிலேல ஒரு டெஸ்ட் பின் இருக்கு சார். மூடியத் தொறந்து அத அமுக்கினாலும் இதே மாதிரிதான் காட்டும்."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்க யாரு போறா வர்றா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஷிப்ட் ரிஜிஸ்டரை வரவழைத்துவிட்டார். மூன்று தேதியிலும் ஒரே பெயர். "பெர்மனென்ட் ஆக்க லேட்டாவுதுன்னு நமக்கு வேல காட்டுறாரா? புதன்கிழமை லிஸ்ட் ஹெட் ஆபீஸுக்குப் போவுது. இவர் பேர எடுத்துட வேண்டியதுதான்."

"அப்படிலாம் இருக்காது சார்."

"அப்ப எப்படின்னு நீங்க சொல்லுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருவரைக் கெடுத்துவிட்டு வெளியே வந்தேன். சாயங்கால டீக்குள் ஆலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற இரண்டு ஆபரேட்டர்களில் ஒருவர் குறிஞ்சிப்பாடிப் பக்கம், இன்னொருவர் பரங்கிப்பேட்டைப் பக்கம். மழை வலுத்தால் இரண்டு பேராலும் வர முடியாது. நடந்து வரும் தூரத்தில் இருந்தவர் இவர் ஒருவர்தான். முந்தின வருடமும் அதற்கு முந்தின வருடமும் அடைமழை நாள் எல்லாவற்றிலும் இவர்தான் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்திருக்கிறார். மழையும் வந்தது, இவரும் வந்தார், டிரிப்பும் வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதை மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "வந்தது நல்லதுதான். வந்து என்னா பண்ணாருன்னு தெரியணுமில்ல?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. பனம்பழம் ஏன் விழுந்தது என்று சொல்ல வேண்டியவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சிதம்பரத்தில் நல்ல மழை. டி.வி. மேல் தண்ணீர் சொட்டுகிறது என்று மனைவி சத்தம் போட்டார். மேல்கூரை ஒழுகவில்லை. ஜன்னல் மூலையில் நுழைகிற கேபிள் ஒயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே நடந்து வந்துகொண்டிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

"ஏங்க, போன வாரம் கேபிள்காரர் வந்து அத இழுத்துக் கட்டிட்டுப் போனதுலேர்ந்துதான் இப்படி. முன்னாடி வெளிய தொங்கிக்கிட்டு இருக்கும், தண்ணி அங்கியே சொட்டிடும். கொஞ்சம் தொங்க வுட்டுக் கட்டுங்க."

ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். எனக்குத் தொங்குகிற எதுவும் பிடிக்காது. மாசி மாதம் பாதுகாப்பு இன்ஸ்பெக்ஷனுக்காக டிரான்ஸ்பார்மருக்குப் பெயின்ட் அடித்தபோது, ரிலேக்குப் போகும் கேபிள் அசிங்கமாகத் தொங்குகிறது என்று அதை இழுத்து விறைப்பாகக் கிளாம்ப் அடிக்க வைத்தவன் நான். அன்றிலிருந்து அது மேலிருந்து சரிந்து நேராக ஒயர்ப் பெட்டிக்குள் போகிறது. அதற்குப் பிறகு அடைமழை பிடித்தது இந்த ஐப்பசியில்தான். மேலே விழுகிற மழையெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பெட்டி வாயில் இருக்கிற பழைய ரப்பர் வழியாக உள்ளே போய், இரண்டு ஒயர் முனைகளையும் நனைத்து ஒன்றாக்கியிருக்கும். எண்ணெய்ச் சூட்டில் பெட்டி எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். மழை விட்டு நான் ஏறிப் பார்ப்பதற்குள் எல்லாம் காய்ந்திருக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கு ஆனது, ஆக்கினது நான்.

"என்னா ஆச்சி, ஷாக் அடிச்சிடுச்சா?" என்று மனைவி பதறினார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. யாருக்கும் தெரியாமல் அந்தக் கேபிளைத் தளர்த்திவிட்டால் போதும், டிரிப் நின்றுவிடும், என் பெயரும் கெடாது என்று அன்று மத்தியானம் வரை யோசித்தேன். ஆனால் டிரிப் நின்றுபோனால், பயந்துபோய் நிறுத்திவிட்டார் என்றுதான் ஆபரேட்டரைச் சொல்வார்கள். மேனேஜர் கண் முன்னாலேயே செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை பார்த்து வெயில் கொளுத்தியது. டிரான்ஸ்பார்மரை முறைப்படி நிறுத்தி எர்த் செய்துவிட்டு, ஆலையை ஜெனரேட்டரில் ஓட்டச் சொன்னேன். மேனேஜரை யார்டுக்கு அழைத்து வந்தேன். ரிலேயின் இரண்டு ஒயர்களையும் பேனலிலிருந்து கழற்றி, கீழே மெக்கர் என்கிற சோதனைக் கருவியில் மாட்டினேன். ஒயர்களுக்கு நடுவில் கரண்ட் கசிவு இல்லாவிட்டால் அதன் முள் ஒரு கோடியில் நிற்கும், கசிந்தால் பூஜ்யத்துக்கு விழும். மெக்கரைச் சுற்றுகிற கைப்பிடியை ஆபரேட்டரிடம் கொடுத்தேன். மேனேஜர் புருவத்தை உயர்த்தினார். நான் கவனிக்காத மாதிரி ஒரு குடம் தண்ணீரோடு ஏணியில் ஏறினேன்.

"பெட்டி மூடியிருக்கு சார். அது மேல ஒரு சொட்டு வுடமாட்டேன். கேபிள் மேல மட்டும்தான் ஊத்துவேன். முள்ளப் பாருங்க."

முதல் குடம் ஊற்றினேன். முள் அசையவில்லை. இரண்டாவது குடத்துக்கும் அசையவில்லை. என் முதுகில் வழிந்தது வியர்வையா குடத்துத் தண்ணீரா என்று தெரியவில்லை. புதன்கிழமைப் பட்டியல்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. மூன்றாவது குடம் பாதி காலியானபோது கீழே இருந்து மேனேஜரின் குரல் வந்தது.

"வுழுது, வுழுது!"

முள் பூஜ்யத்தில் கிடந்தது. மூடியைத் திறந்தேன். இரண்டு முனைகளுக்கும் நடுவில் தண்ணீர் முத்து முத்தாக உட்கார்ந்திருந்தது. அவ்வளவு அழகான தண்ணீரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யாரு இத இப்படி இழுத்துக் கட்டுனது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்." ஏணியில் நின்றபடியே சொன்னேன். இறங்கி வந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

அவர் கேபிளை நிமிர்ந்து பார்த்தார். "பெயின்ட் அடிச்சி முடிச்சதும் பாத்துட்டு சூப்பர்னு சொன்னவன் நானு" என்றார். பிறகு ஆபரேட்டர் பக்கம் திரும்பி, "உங்க பேரு லிஸ்ட்ல போவுது. மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க" என்றார். ஆபரேட்டர் தலையை ஆட்டினார். இன்னும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். போதும் என்று நான்தான் சொன்னேன்.

கேபிளைத் தளர்த்தி, பெட்டிக்குக் கீழே தொங்கவிட்டு, மறுபடி மேலேற்றி மாட்டினோம். ரப்பரையும் மாற்றினோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. புதன்கிழமை பட்டியல் அவர் பெயரோடு போனது.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்திலிருந்து விடாத மழை. எதிர்பார்த்த மாதிரியே ஆபரேட்டர்களில் அவர் ஒருவர்தான் வந்திருந்தார். நானும் பேனல் அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு மணி ஆனது, பேனலில் ஓர் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை, ஓர் அபாய மணியும் அடிக்கவில்லை. ஆலை தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அப்போதுதான் இறங்கியது. அந்தத் தைரியத்தில் டெஸ்ட் பின் விஷயத்தைப் போட்டுக்கொடுத்தது நான்தான் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும் சார்" என்றார். "உங்க மேல ஒண்ணும் இல்ல. எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. ஞாபகமில்லாம எங்கியாவது கை வச்சிட்டனோன்னு. அதுக்கப்புறம் யார்டுக்குப் போனா கைய பின்னால கட்டிக்கிட்டுதான் மீட்டரப் பாப்பேன்."

அவர் மணியைப் பார்த்துவிட்டு, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழையில் நின்று மீட்டரைப் படித்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்க்காமல் வலது கையை நீட்டி, டிரான்ஸ்பார்மரின் ரேடியேட்டரில் உள்ளங்கையை அழுத்தி வைத்துச் சூடு பார்த்தார். அவசரமே இல்லாமல் கையை எடுத்துவிட்டு வந்தார்.

"அம்பத்தெட்டு சார். நார்மல்" என்று சொல்லி லாக் புத்தகத்தைத் திறந்தார்.