பிரேசிலு நின்ற இடம்

தம்பி கோவில்பட்டியில் கட்டிய புது வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிரேசில் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஓய்வு பெறுகிறாராம். தெருவில் பந்து உதைத்துத் தொடங்கி, கடல் தாண்டிப் போய், தாடி நரைக்கும்வரை எவரையும் லேசில் கடக்கவிடாத மனிதர். புதுச் சிமெண்டின் ஈர வாசனையில் அந்த வீடே மறைந்து, முன்பு அங்கே, தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால், தீக்குச்சி மருந்து வாடையோடு கிடந்த கரிசல் பொட்டல் எனக்குள் விரிந்தது.

பந்தோடு ஒருவன் என்னைத் தாண்டினாலும் நான் ஆட்டத்தைவிட்டுப் போய்விட வேண்டும். பையன்கள் அந்த ஒப்பந்தத்தில்தான் பெண்பிள்ளையான என்னைச் சேர்த்திருந்தார்கள். கோடையில் தரை பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் விழுந்த பந்து தடுப்பவருக்கே சொந்தம் என்பது எங்கள் சட்டம். அதனால் நான் பாயமாட்டேன். அந்தப் பிரேசில்காரரைப் போலவே பொறுமையாக மறித்து மறித்து, வருகிறவனை மூலையிலிருந்த பெரிய வெடிப்புப் பக்கம் ஒதுக்கிக்கொண்டே போவேன். "ஏட்டி பிரேசிலு, விடாத!" என்று பொட்டலே கத்தும். விளாத்திகுளத்திலிருந்து வந்தவர்களும் தாண்டியதில்லை.

தம்பி மூலைச் சுவரைக் காட்டினான். "எத்தன தடவ பூசுனாலும் இந்த இடம் மட்டும் வெடிக்குதுக்கா."

"பூசாத," என்றேன். "அங்கன என்னைய எவனும் தாண்டுனதில்ல."