பத்துக்கு எட்டு

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. தோட்டத்துக் கொட்டிலில் தானே பியர் காய்ச்சுகிறவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவரும் மனைவியும் என்னையும் என் கணவரையும் கூப்பிடுவார்கள். கடையில் வாங்கிய ஐந்தாறு கிராஃப்ட் பியர் போத்தல்களைக் கடதாசிப் பைகளில் மறைத்து, இலக்கம் போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றித் தருவார். நாங்கள் நால்வரும் குடித்துப் பார்த்துப் பத்துக்குப் புள்ளி போடவேண்டும். நாற்பத்தெட்டு வயதில் பியர் குடிக்கப் பழகிய யாழ்ப்பாணத்துக்காரிகள் அதிகம் இருக்க மாட்டார்கள். இந்த வெள்ளைக்காரர்கள் அதை மூக்கில் வைத்து மணந்து மணந்து அப்படி என்னத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அறிகிற ஆவல்தான் என்னை அங்கே இழுத்தது.

ஆனால் ஒரு வருடமாக நான் போட்ட புள்ளி எல்லாமே எட்டு. புளித்ததற்கும் எட்டு, கசந்ததற்கும் எட்டு. ஒருவர் வீட்டில் இருந்துகொண்டு அவர் ஊற்றித் தந்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் கணவருக்கு அந்தக் கூச்சமே கிடையாது. "தண்ணி. மூண்டு காணும்," என்று போட்டுவிடுவார்.

கோடை முடிகிற நேரம், அவர்களுடைய பிரிட்ஜில் ஒட்டியிருந்த புள்ளித்தாளைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து, ஆறு, நாலு, என்னுடைய எட்டு. சராசரி ஐந்து என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள் நான், விடுவேனா? எட்டைச் சேர்த்தால் ஐந்தேமுக்கால் வரவேண்டும். அடுத்த வரியும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். என்னை விட்டுவிட்டு மூன்று பேரின் புள்ளியைத்தான் கூட்டிப் பிரித்திருந்தார்கள்.

கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரரின் மனைவிக்கு முகம் சிவந்துபோனது. "நீ வருவது எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் நீ எல்லாவற்றுக்கும் எட்டுத்தானே போடுகிறாய்? அதைச் சேர்த்தால் எது நல்லது எது கூடாது என்று தெரியவராது," என்றார்.

வெட்கத்தில் என் காது சுட்டது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது கோபமாகிவிட்டது. கணவர் சிரித்தார்.

"இஞ்சேரும், நீர் பியருக்கு மட்டுமே எட்டுப் போடுறனீர்? என்ரை தங்கச்சியின்ரை கல்லு மாதிரி இடியப்பத்துக்கும் எட்டுத்தானே?"

"அது மரியாதை."

"ஓம், மரியாதைதான். ஆனா கலியாணம் கட்டி இருபது வருஷம். உமக்கு உண்மையிலை என்ன பிடிக்குமெண்டு எனக்கே இன்னும் வடிவாத் தெரியாது."

அது என்னைத் தைத்தது. எனக்கே தெரியுமா என்று யோசித்தேன்; தெரியாது.

கடைகளில் இலையுதிர்காலத்துப் பியர்கள் வரத்தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றாக வாங்கிவந்து, குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தேன். பூசணிக்காய் பியர் என்று ஒன்று. அதில் பூசணிக்காயைத் தேடித் தேடிக் களைத்துப்போனேன். கறுவாப்பட்டையும் சாதிக்காயும்தான் மணத்தன. கறுப்பு பியர் ஒன்றில் வறுத்த மல்லி இருந்தது, பின்னால் கொஞ்சம் கருகின சீனிப்பாகு. இவ்வளவு நாளும் இதையெல்லாம் கவனிக்காமல் விழுங்கியிருக்கிறேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. இன்னொன்று நனைந்த கடதாசி மட்டை மாதிரி மணத்தது. அதற்கு நாலு என்று எழுதினேன். பார்க்க ஒருவரும் இல்லாதபோதும் எழுதக் கை கூசியது.

ஒக்டோபரில், புரட்டாசிச் சனி விரதம் என்பதால் எங்களுக்காக ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். நாலாவது போத்தலில் கராம்பு மூக்கில் அடித்தது. பல்லுக்கொதிக்கு வைக்கிற எண்ணெயேதான். நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் கிளாசைத் தொடவில்லை. எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கறியை மேசையில் வைத்துவிட்டு நானும் அப்படித்தான் பார்ப்பேன். இது அவர் காய்ச்சியது. அடுத்த மாதம் தன் பழைய பஸ் டிப்போக்காரருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று கோடையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த பியர்.

பென்சில் தானாகவே எட்டு என்று எழுதியது. பாவம் மனிசன், இருக்கட்டும் என்று மனம் சொன்னது. ஆனால் இன்றைக்கும் எட்டென்றால் இனி நான் இந்த மேசையில் ஒரு கதிரைதான். அழித்துவிட்டு நாலு என்று எழுதி, தாளை நீட்டினேன்.

அவர் தனக்கு ஒன்பது போட்டிருந்தார். மனைவி ஏழு, என் கணவர் ஆறு. என் தாளைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.

"நாலா?"

"ஓம்," என்றேன், ஆங்கிலம் மறந்துபோய்.

என்னை விட்டுவிட்டால் ஏழுக்கு மேலே வரும். நான் மனதுக்குள் ஏற்கெனவே கணக்குப் பார்த்துவிட்டேன். அவர் உதட்டை அசைத்து அசைத்துக் கூட்டினார். ஆறரை என்று எழுதினார்.

பிறகு கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "சொல், என்ன பிழை?" என்று கேட்டார். அந்த வீட்டில் ஒரு பியரைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. பதில் சொல்லி முடிக்க எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது.