எனக்கு வைத்த சொல்

என் மனைவி தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாஸானால் இரண்டு வருஷம் தனியாகத்தான் போய் இருக்க வேண்டும். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ரிசல்ட் வந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடுவதென்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போனில் பாடம் எடுத்த டீச்சர் ஒரு வழி சொல்லியிருந்தார். மண்டையில் நிற்காத சொல்லைத் தெரிந்த ஆள் ஒருவர் தலையில் கட்டிவிட வேண்டுமாம். அவரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லும் ஞாபகம் வருமாம். ஓயாமல் பேசுகிறவர் என்று அர்த்தம் வரும் 'கேருலஸ்' என் அம்மாவுக்குப் போனது. சிக்கனக்காரர் என்கிற 'ஃப்ரூகல்', தேய்ந்த சோப்பைப் புது சோப்பில் ஒட்டிக் குளிக்கும் என் அப்பாவுக்கு. பாப்பாரப்பட்டி சந்தையில் தக்காளி விற்கிற பெண்மணிக்குக்கூட ஒன்று இருந்தது. எனக்கு என்ன என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. வெளிய சொன்னா மறந்துடும்."

அன்றோடு என் நிம்மதி போயிற்று. சோறு போடும்போது என் முகத்தைப் பார்த்து உதட்டை அசைப்பாள். என்ன என்றால், "ஒண்ணுமில்லீங்க." பிடிவாதம், சோம்பல், சந்தேகப் புத்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடி அந்த உதட்டசைவோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாமே எனக்குப் பொருந்தித் தொலைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒகேனக்கலிலிருந்து வாங்கி வந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். பாஸ் என்று ஓடி வந்தாள். முதலில் என் சொல்லைச் சொல் என்றேன். அது மட்டமான சொல்லாக இருந்தால் மறுப்பதற்கு வசதியாகப் போகும்.

"மேக்னானிமஸ்ங்க. பெருந்தன்மைன்னு அர்த்தம். எத்தன வாட்டி படிச்சும் நிக்கல. ஒங்க மேல வச்ச பொறவுதான் நின்னுச்சு. போயிட்டு வான்னு மனசார சொல்ற ஆளு நீங்கதானுங்களே."

அம்மாவும் அப்பாவும் என்னையே பார்த்தார்கள். 'வேணாம்' என்று சொல்ல வாயெடுத்தவன் மீனைக் கீழே வைத்தேன். "போயிட்டு வா" என்றேன்.

இப்போது அங்கே இருக்கிறாள். அந்தச் சொல் முதலிலிருந்தே என்னுடையதா, இல்லை மீன் கழுவிய என் மூஞ்சியைப் பார்த்து அந்த நிமிஷம் வைத்ததா? வீடியோவில் கேட்டால் சிரிக்கிறாள். அவள் இல்லாத வீடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சொல்லலாமென்றால், பெருந்தன்மைக்காரன் எந்த வாயால் சொல்வது?