கணக்கு குரூப்புக்கு ஆள் சேர்த்த வாரம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று என் மதிப்பெண்ணை எனக்கு முன்பே தெரிந்துகொண்டவர் பெங்களூரில் நர்ஸாக இருக்கும் அத்தைதான். அப்பாவின் தங்கை. என் பதிவெண்ணை முதல் நாளே வாங்கி வைத்திருந்தார். காலையில் போன் அடித்ததும் நான் ஹலோ சொல்வதற்குள், "கணக்குல நூத்துக்கு நூறுடி!" என்று கத்தினார். அதே மூச்சில், "பயாலஜி குரூப்புல சேந்துடு. நர்சிங் காலேஜுல நான் இப்பவே சொல்லி வெச்சுடறேன்" என்றார்.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. தருமபுரி பக்கம் இண்டூரைச் சுற்றியுள்ள எங்களைப் போன்ற கிறித்தவக் குடும்பங்கள் எல்லாம் நிலத்தை நம்பியிருந்தவை. கிணறுகள் வற்றத் தொடங்கியபோது முதலில் வெளியே போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் நர்சிங் படித்த பெண்கள்தான். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் ஊருக்கு வந்தால் கோயிலில் முன்வரிசையில் இடம் விடுவார்கள். அதனால் எங்கள் கோயில் பங்கில் ஒரு பெண் நன்றாகப் படிக்கிறாள் என்றால், அவள் நர்ஸாகப் போகிறாள் என்றே அர்த்தம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

எனக்கு நர்சிங் மேல் வெறுப்பு கிடையாது. கணக்கின் மேல் ஆசை, அவ்வளவுதான். ஒரு கணக்கு பாதியில் மாட்டிக்கொள்ளும். தக்காளிக்குத் தண்ணீர் திருப்பும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். எதிர்பாராத நேரத்தில் வழி தெரிந்துவிடும். அந்த ஒரு கணத்துச் சந்தோஷத்துக்கு ஈடாக எதையும் நான் அதுவரை கண்டதில்லை. பிளஸ் ஒன்னில் கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் உள்ள குரூப்பை எடுப்பது என்று எட்டாம் வகுப்பிலேயே மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் சோற்றை வடித்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கணக்கு படிச்சு என்னாடி பண்ணுவ?"

"டீச்சர் ஆவலாம், கம்ப்யூட்டர் வேலைக்குப் போவலாம், பேங்க் பரிச்சை எழுதலாம்."

"ஆவலாம், போவலாம். உங்க அத்த நர்சு படிச்சா, நர்சு ஆயிட்டா. நீ சொல்றதுல எல்லாமே லாம் லாம்னு இல்ல இருக்குது."

அப்பா டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் பெங்களூர் போய்விட்டு ஞாயிறுகளில்தான் வருவார். போனில் கேட்டேன். "உனக்குப் புடிச்சத எடு சாமி. ஆனா அம்மாவ நீயே சரி பண்ணிக்க, என்னால ஆவாது" என்று வைத்துவிட்டார்.

சேர்க்கை நாளன்று அம்மாவும் நானும் மேல்நிலைப் பள்ளிக்குப் போனோம். வழி முழுக்க அம்மா பயாலஜி குரூப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வராந்தாவில் மேசை போட்டு ஓர் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். அவர் என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "எந்த குரூப்பும்மா?" என்றார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான், "மேக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் மிஸ்" என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் ஆசிரியை உதட்டைப் பிதுக்கினார். "அந்த குரூப் இந்த வருஷம் நடக்கறது சந்தேகம்மா. மூணு வருஷமாவே ஆள் கம்மி. பொம்பளப் புள்ளைங்க கணக்குன்னா ஓடறாங்க, பசங்க டவுன் ஸ்கூலுக்குப் போயிடறாங்க. உனக்கு அதுதான் வேணும்னா தருமபுரிக்குத்தான் போவணும்."

அங்கேதான் எல்லாம் மாறியது. இத்தனை நேரம் கணக்கே வேண்டாம் என்று வந்த அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏங்க டீச்சர், பொம்பளப் புள்ளைங்க ஓடறாங்கன்னா? எம் பொண்ணு நூத்துக்கு நூறு வாங்கிட்டு வந்து நிக்குதுங்களே. இது ஓடற மாதிரியா இருக்குது?"

"அவ ஒருத்திக்காக குரூப் நடத்த முடியாதும்மா."

"எத்தினி பேரு வேணுங்க?"

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை அறையிலிருந்து வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. "பதினஞ்சு பேர் இருந்தா நான் மேல பேசி நடத்திடுவேன். இப்ப கேட்டிருக்கறது நாலு பேர்தான். ஒரு வாரம் பாக்கலாம்" என்றார்.

"நாங்க கூட்டிட்டு வந்தா சேத்துக்குவீங்களா மேடம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் சிரித்தார். "கூட்டிட்டு வா. வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

திரும்பி வந்து எங்கள் நிறுத்தத்தில் இறங்கியதும் அம்மா, "இல்லைன்னு அவங்க எப்படிச் சொல்லலாம்? வேணாம்னா நாம சொல்லணும்" என்றார். பிறகு, "மொதல்ல யாரு வூட்டுக்குப் போறது?" என்று கேட்டார்.

முதலில் போனது மெத்தைக் கடைக்கு. கடைக்காரர் மகள் என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நன்றாகப் படிப்பாள், ஆனால் கணக்குத் தேர்வு என்றால் முதல் நாளே அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அவள் அப்பா பஞ்சு ஒட்டிய தாடியோடு உட்கார்ந்து மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஊசியை நிறுத்தவில்லை.

"கணக்குல பெயிலாயிட்டா என்னாம்மா பண்றது? அதுக்கப்புறம் படிப்பே வேணாம்னு உக்காந்துடுவா."

எளிதாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. "கஷ்டமாத்தாங்க மாமா இருக்கும். ஆனா அவ தனியாப் படிக்க வேணாம். தினமும் நான் கூட உக்காருவேன்" என்றேன்.

அவர் உள்ளே பார்த்து, "நீ என்னாம்மா சொல்ற?" என்று மகளைக் கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து அவள், "கம்ப்யூட்டர் படிக்க ஆசையாத்தான் இருக்குது அத்தா. கணக்குதான் பயமா இருக்குது" என்றாள். "ஆசை இருக்குதில்ல? போயி சேரு" என்றார் அவர், அவ்வளவு சுருக்கமாக.

அந்த வாரம் நாங்கள் சுற்றாத தெரு இல்லை. அம்மா வேலைக்குப் போய் மத்தியானம் வந்து, முகம் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்புவார். கன்னடம் பேசும் வீடுகளில் அம்மா கன்னடத்திலேயே ஆரம்பிப்பார். பாதி புரியாவிட்டாலும் அவர்கள் சிரித்துவிடுவார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும் அம்மாக்களை மாமரத்தடியில் மறித்து நிறுத்துவோம். சிலர் முகத்துக்கு நேராகவே, "உம் பொண்ணு படிக்கணும்னு எங்க புள்ளைங்களையும் சேத்து இழுக்கறியா?" என்று கேட்டார்கள். அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும், ஆனால் அடக்கிக்கொள்வார். "இழுக்கலீங்க. இப்படி ஒண்ணு இருக்குதுன்னு சொல்றோம். மத்தது உங்க இஷ்டங்க" என்பார். குரூப் என்றால் என்னவென்று எனக்கே அப்போதுதான் சரியாகப் புரிந்தது. எதை எடுத்தால் பின்னால் எந்தெந்தப் படிப்புக்குப் போகலாம், எதற்குப் போக முடியாது என்று வீடு வீடாகச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

வாரம் முடியும் தறுவாயில் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். பதினைந்தாவதாகப் பெயர் சொன்னவள் வத்தல்மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். பேசுவதே குறைவு. நான் கேட்டதும் சரி என்றாள். மகிழ்ச்சியில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிறகுதான் சந்தேகம் வந்தது.

"நீ நெசமாவே கணக்குதான் படிக்கணும்னு நெனச்சியா?"

அவள் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டே நின்றாள். "நீ கேட்ட, அதான் வந்தேன்."

"நான் கேக்கலன்னா?"

"நர்சுக்குப் போயிருப்பேன். எங்க மலையில ஒடம்பு சரியில்லன்னா தூக்கிக்கிட்டுக் கீழ வரணும். நர்சு ஒருத்தி ஊருலயே இருந்தா நல்லாருக்கும்னு நெனப்பேன்."

அன்று என் மனசு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அவள் இல்லாவிட்டால் குரூப் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்ததைப் படிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் நடந்தவள் நான். அவளுக்குப் பிடித்ததை அவள் விட்டுக்கொடுத்தால் அது எப்படி நியாயமாகும்? "நீ பயாலஜிக்கே போ" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது செய்தது சரிதான் என்று தெரிந்தது. பெங்களூர் அத்தையின் நம்பரையும் கொடுத்தேன். இன்று அவள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொடுத்துச் சேர்த்துவிட்டது அத்தைதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நல்லதுதான் பண்ண" என்று மட்டும் சொன்னார். சற்று யோசித்துவிட்டு, "மேலத்தெருப் புள்ள ஒண்ணு மில்லுலருந்து லீவுல வந்திருக்குது. கேட்டுப் பாக்கலாமா?" என்றார்.

அந்த அக்கா பத்தாவது முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது படிப்பை நிறுத்திவிட்டு நூல் மில்லுக்குப் போனவள். அந்த அம்மா உடம்பு தேறி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஆனாலும் மகள் திரும்பப் படிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை.

நாங்கள் போய்ச் சொன்னதும் அவள் என் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "இப்பப் போயி சின்னப் புள்ளைங்களோட நான் உக்காரவா அத்த? எழுதறதே மறந்துபோயிருக்கும்."

"நாங்க ஒண்ணும் சின்னப் புள்ளைங்க இல்ல" என்றேன் நான், கொஞ்சம் ரோஷமாக.

"கம்ப்யூட்டரும் இருக்குதா அந்த குரூப்புல?"

"இருக்குதுக்கா."

அவள் சிரிப்பு நின்றது. "மில்லுல எங்க ஷெட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்குது. எல்லா மிஷினும் ஓடறது அதுலதான் தெரியும். அது என்னா பண்ணுதுன்னு ஒரு நாளு கிட்டப் போயிப் பாத்தேன். சூப்பர்வைசர் வந்து, கைய வெக்காதன்னாரு." சற்று நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள். அவர் அழ ஆரம்பித்திருந்தார். "போ சாமி, போயிப் படி. நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்றார்.

மறுநாள் நாங்கள் எல்லோரும் பெற்றோர்களோடு பள்ளிக்குள் நுழைந்தபோது வராந்தாவில் இடம் போதவில்லை. மெத்தைக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். அப்பாவும் லீவு போட்டுவிட்டு வந்து என் பின்னால் நின்றார். தலைமை ஆசிரியை வாசலிலேயே நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார். "நீ விளையாட்டுக்குச் சொல்றன்னு நெனச்சேன்" என்றார் என்னிடம். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "உள்ள வந்து உக்காருங்கம்மா" என்று தன் அறையில் நாற்காலி போடச் சொன்னார். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அந்த ஐந்து நிமிடத்தை அவர் எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டார், இன்னும் அலுக்கவில்லை.

சேர்ந்துவிட்டால் போதுமா? முதல் இடைத்தேர்வில் கணக்கில் பாதிப்பேருக்கு மேல் பெயில். மெத்தைக் கடைத் தோழி விடைத்தாளை மடித்து வைத்துக்கொண்டு அழுதாள். பெயிலானவர்களின் அம்மாக்கள் எங்கள் வீட்டைத் தேடி வந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அன்றிலிருந்து பள்ளி விட்டபின் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் வரும்வரை வகுப்பிலேயே உட்காருவது என்று வைத்துக்கொண்டோம். எனக்குத் தெரிந்ததை நான் சொல்வேன். கம்ப்யூட்டர் பாடம் என்றால் மில் அக்காதான் எங்களுக்கு வாத்தியார். லேபில் ஓடிய கம்ப்யூட்டர்கள் குறைவு. அவள் மட்டும் எந்நேரமும் ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். எழுதறதே மறந்துபோயிருக்கும் என்று சொன்னவள், நாங்கள் தப்பாக எழுதிய புரோகிராமைத் தூரத்திலிருந்து பார்த்தே எந்த வரியில் தவறு என்று சொல்லிவிடுவாள்.

பிளஸ் டூ முடிவு வந்த நாள் நாங்கள் யாரும் வீட்டில் தனியாகப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டோம். கணக்கு ஆசிரியர் தன் போனில் ஒவ்வொரு எண்ணாக அடிக்க, நாங்கள் அவரைச் சுற்றி நெருக்கியடித்து நின்றோம். ஒவ்வொருத்தியும் பாஸ், பாஸ் என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியாக மெத்தைக் கடைத் தோழியின் எண். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாஸ், அதுவும் கணக்கில் எண்பதுக்கு மேல். அவள் போட்ட சத்தத்தில் அலுவலகத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் மில் அக்காவுக்கு.

இன்று நான் தருமபுரிக் கல்லூரியில் கணிதம் கடைசி வருடம். தோழி பி.காம். படிக்கிறாள், வரவுசெலவுக் கணக்கென்றால் அவளுக்கு இப்போது பயமில்லை. அக்கா கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் படித்துக்கொண்டே பகுதிநேரமாக வேலையும் பார்க்கிறாள். பள்ளியில் எங்கள் குரூப்புக்கு இப்போது யாரும் ஆள் தேட வேண்டியதில்லை. இந்த வருடம் இடமில்லாமல் சிலரைத் திருப்பி அனுப்பினார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்று அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "திருப்பியா அனுப்பினாங்க? எத்தினி பேராம்? போயிக் கேக்கலாமா?" என்றார். அப்பாவுக்குச் சிரித்து மாளவில்லை. அம்மா சிரிக்கவில்லை. அவர் கேட்டது நிஜமாகவேதான். மறுநாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னையும் கிளம்பச் சொன்னார்.