ஊருக்கு வெளியே நின்ற கப்பல்

போன ஞாயிற்றுக்கிழமை சாயர்புரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்து, மாப்பிள்ளையும் பெண்ணும் கல்யாணத்துக்கு முன்பே எடுத்துக்கொண்ட வீடியோவை ஓடவிட்டிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் ஓடுகிறார்கள். கடற்கரையில் குதிக்கிறார்கள். மழையே இல்லாத இடத்தில் குடை பிடிக்கிறார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு என்னைத் தெரிந்திருந்தது. இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பாராம்.

"உங்க வீட்டுக்காரவிய கப்பல்லதான இருக்காவ? உங்களுக்கென்னக்கா, ஊர் ஊராப் பாத்திருப்பிய. கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் எங்க போனிய?"

"கடலுக்குத்தான்" என்றேன்.

ரொம்ப ரொமான்டிக்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் ஐஸ்கிரீம் எடுக்கப் போய்விட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுசாகச் சொல்ல வரவேற்பு ஹாலில் வாய் வரவில்லை. இங்கே சொல்லலாம். இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோமே, உங்களிடம் என்ன ஒளிவு மறைவு?

கல்யாணமாகி மூன்றே வாரத்தில் என் வீட்டுக்காரர் ரீகன் கப்பல் ஏறிவிட்டார். சரக்குக் கப்பலில், இன்ஜின் ரூமில் வேலை. அந்த மூன்று வாரமும் பைக்கில் சுற்றினோம். மணப்பாட்டுக்குப் போனோம். காயல்பட்டினத்தில் அவருடைய நண்பர் வீட்டு விருந்துக்குப் போய், சந்து சந்தாக வழி தெரியாமல் அலைந்தோம். ஒரு நாள் கொற்கைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அந்தக் காலத்துல பெரிய துறைமுகம்ளா. முத்தெல்லாம் இங்கன இருந்துதான் போச்சு" என்றார். போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வாழை. கடலைக் காணோம்.

"கடல் பின்னால போயிட்டு" என்றார், ஏதோ தன் தப்பு மாதிரி. கப்பல்காரனைக் கட்டிக்கொண்டு வந்தவளுக்குக் கடலே இல்லாத துறைமுகத்தைக் காட்டிய புருஷன் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார். வீடு வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அவர் போன பிறகுதான் எனக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது. சேதியை வீடியோ காலில் சொன்னேன். மனிதர் போனைத் தூக்கிக்கொண்டு கப்பல் முழுக்க ஓடினார். கப்பல் சமையல்காரர் அன்றைக்கு எல்லோருக்கும் பாயசம் வைத்தாராம். அன்று முதல் பேசும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"நம்மாளு என்ன சொல்லுதாரு?"

பிள்ளைக்கு அவர் வைத்த பெயர் நம்மாளு.

நாலாம் மாத ஸ்கேனில் டாக்டர் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். திரும்பவும் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் எல்லாம் முடிந்து, பிள்ளை இல்லாத வயிற்றோடு வீட்டுக்கு வந்தேன்.

கட்டிலில் என்னைப் படுக்க வைத்துவிட்டு மாமி, அதாவது ரீகனுடைய அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் சொன்னது இதுதான்: "அவன்ட்ட சொல்லாதளா. எறங்கி வரட்டும்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு சட்டம். எழுதாத சட்டம். கப்பலில் இருப்பவனுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. சாவு, நோவு, கடன், சண்டை எதுவானாலும் அவன் ஊருக்கு வந்த பிறகுதான். நடுக்கடலில் கேட்டு அவன் என்ன செய்ய முடியும்? பஸ் பிடித்து வந்துவிட முடியுமா? எங்கள் தெருவிலேயே ஒருவர், அப்பா இறந்த சேதியைக் கப்பலில் கேட்டு, அன்றைக்கே ஏணியில் கால் தவறி முதுகை உடைத்துக்கொண்டு வந்தார். அதனால் யாரும் இந்தச் சட்டத்தை மீறுவதில்லை. என் அம்மாவும் மாமி சொன்னதையே சொன்னார். பாசத்தில் சொன்னார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் அவர் கூப்பிடுவாரே?

"நம்மாளு என்ன சொல்லுதாரு?"

"நல்லாருக்காரு."

"உதைக்காரா?"

"இன்னும் இல்ல."

பேசிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். மாமி வெளியே நின்றுகொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவர் கதவைத் தட்ட மாட்டார். வெளியே வந்தால் சாப்பாடு எடுத்து வைத்திருப்பார். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. பேசினால் போனிலும் வாய் தவறிவிடும் என்று அவருக்குப் பயம்.

மாதங்கள் ஓடின. வயிற்றைக் காட்டு என்று ரீகன் கேட்க ஆரம்பித்தார். சிக்னல் இல்லை என்பேன். கேமரா சரியில்லை என்பேன். எத்தனை நாளைக்கு? ஒரு நாள் மாமி ஒரு டவலை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். "ஒரே ஒரு தரம் காட்டிரு. அவன் ஏங்கிப் போயிருக்கான்" என்று என் சேலைக்குள் வைத்துக் கட்டிவிட்டார்.

பீரோ கண்ணாடியில் பார்த்தேன். ஆறு மாத வயிறு. நான் இப்படித்தான் இருந்திருப்பேன், இல்லையா? போன் அடிக்க ஆரம்பித்தது. நான் டவலை உருவிப் போட்டேன். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அன்றைக்குப் புரிந்தது... இதற்கு மேல் என்னால் ஆகாது.

அந்த வாரமே ரீகனிடமிருந்து ஒரு சேதி. கப்பல் இந்தோனேசியாவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு எங்கே வருகிறது தெரியுமா? தூத்துக்குடிக்கு.

மாமி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வந்தால் ஷோர் பாஸ், அதாவது கரையிறங்க அனுமதிச் சீட்டு, வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். எதிரில் உட்கார வைத்துச் சொல்லிவிடலாம். கடவுளே பார்த்து வழி விட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

கப்பல் வந்தது. ஆனால் துறைமுகத்துக்குள் இடம் இல்லை. வெளியே கடலிலேயே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். கப்பலுக்கு இடம் கிடைக்கும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. கடற்கரையில் நின்றால் தெரிகிற தூரத்தில், விரல் நகம் அளவுக்கு நின்றது என் புருஷன் இருக்கும் கப்பல். உலகமெல்லாம் சுற்றிவிட்டுச் சொந்த ஊர் வாசலில் வந்து நிற்பவருக்கு உள்ளே வர அனுமதி இல்லை. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

நாலைந்து நாள் அப்படியே போயிற்று. அப்புறம் ஒரு காலையில் ரீகன் கூப்பிட்டார். குரலே சரியில்லை. "இங்கன எடம் இல்லியாம். வேற துறைமுகத்துக்குப் போகச் சொல்லி ஆர்டர் வந்துட்டு. நாளைக்குக் கெளம்புதோம்."

கேப்டன் நல்ல மனிதராம். வீட்டிலிருந்து ஒரு பார்சல் மட்டும் படகில் வந்தால் கயிறு விட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ரீகனுடைய சித்தப்பா தூத்துக்குடிக் கடலோரத் திரேஸ்புரத்தில் பைபர் படகு வைத்திருக்கிறார். அவரிடம் கொடுத்துவிடச் சொன்னார்.

"நீ பீச்சுல நின்னு கை காட்டு, போதும். படகுப் பக்கம் போயிராத என்ன. வயித்துப் பிள்ளக்காரி அலையில ஏறக் கூடாது."

மாமி கருவாட்டுத் தொக்கு, முறுக்கு, மக்ரூன் எல்லாம் கட்டிக்கொண்டிருந்தார். "நானும் படகுல போறேன் மாமி" என்றேன்.

"கிறுக்காளா உனக்கு? உன்னப் படகுல பாத்தாம்னா அவனுக்குத் தெரிஞ்சு போவும்லா?"

"தெரியணும் மாமி."

மாமி கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "நாளைக்குக் கப்பல் கெளம்புது. இந்தச் சேதியோட என் மவன் இன்ஜினுக்குள்ள எறங்குவானா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னளா செய்வ?"

பயம் எனக்கும்தான் இருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். மாமி என் முகத்தைப் பார்க்காமலே பையை நீட்டினார்.

படகில் சித்தப்பா ஒன்றுமே கேட்கவில்லை. "கெட்டியாப் பிடிச்சுக்கிடும்மா" என்றதோடு சரி. ஒவ்வொரு அலைக்கும் படகு தூக்கிப் போட்டது. தண்ணீர் வாரி அடித்ததில் சேலை தொப்பலாக நனைந்துவிட்டது. எப்படி ஆரம்பிப்பது, என்ன வார்த்தை சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கரையிலிருந்து நகம் அளவில் தெரிந்த கப்பல் கிட்டப் போகப் போகப் பெரிய இரும்புச் சுவராக நின்றது.

மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரஞ்சு உடையில் நாலைந்து பேர். ஒருவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். ரீகன். சித்தப்பாவைப் பார்த்து ஆட்டுகிறார். கயிறு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு பை.

அப்புறம் அவர் கை ஆட்டுவது நின்றது. என் போன் அடித்தது.

"ஏளா... உன்ன யாரு ஏத்துனா படகுல? சித்தப்பாவுக்கு அறிவு வேண்டாம்? இந்த ஆட்டத்துல பிள்ளைக்கு எதும்..."

நிறுத்திவிட்டார்.

நான் சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஈரச் சேலை தட்டை வயிற்றோடு ஒட்டிக்கிடந்தது. வழியெல்லாம் தேடிய வார்த்தைகள் ஒன்றும் தேவைப்படவில்லை.

போனில் கப்பல் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் கேட்டார்.

"எப்போ?"

"நாலாம் மாசம்."

மேலே அவர் கம்பியில் சாய்ந்துகொண்டதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் அவர் தோளில் கை போட்டார்.

"தெனமும் கேட்டேனேளா. நம்மாளு என்ன சொல்லுதாருன்னு தெனமும் உன்ட்டயே கேட்டேனே."

"ஆமா."

"கேட்டுக் கேட்டு உன்னக் கொன்னுருக்கேன்."

நான் கோபத்துக்குத் தயாராகப் போயிருந்தேன். ஏன் மறைத்தாய் என்று கேட்டால் சொல்லப் பதிலும் வைத்திருந்தேன். இதற்கு என்ன பதில்? அழுதேன். அவரும் அழுதார். போனில் சத்தமும், மேலே ஆளுமாக, என் புருஷன் அழுவதை முதன்முதலாகப் பார்த்தேன். சித்தப்பா இன்ஜினைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

கயிற்றில் வந்த பை படகுக்குள் இறங்கியிருந்தது. "அதத் தொறக்காத. மேல அனுப்பிரு" என்றார் ரீகன். என்ன இருக்கும் என்று கேட்கவா வேண்டும்? போகிற துறைமுகத்தில் எல்லாம் நம்மாளுக்காக வாங்கிச் சேர்த்த சட்டைகள்.

"வேண்டாம். நான் கொண்டு போறேன்."

"உன்னால தாங்க முடியாதுளா."

"தாங்கிக்கிடுதேன். நீங்க இத்தன நாளு ஆசையா வாங்குனது... திருப்பி அனுப்ப மாட்டேன்."

மாமி கொடுத்த பையைக் கயிற்றில் கட்டிவிட்டேன். அது மேலே போகும்போது மாமியின் பயம் எனக்கு ஞாபகம் வந்தது. "நாளைக்கு இன்ஜினுக்குள்ள எறங்கும்போது சூதானமா இருப்பியளா?" என்று கேட்டேன்.

"செகண்ட் இன்ஜினியர் பக்கத்துலதான் நிக்காரு. நாம பேசுற மொழி புரியல, ஆனா என்னன்னு புரிஞ்சிட்டு அவருக்கு. ரெண்டு நாளைக்கு என்னைக் கீழ விட மாட்டாராம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடுக்கடலில் தனியாகக் கிடக்கிறான், தாங்க மாட்டான் என்று பயந்தோமே... அவரைச் சுற்றி அங்கே அத்தனை பேர் இருக்கிறார்கள். வீடு நிறைய ஆள் இருந்தும், வாயைத் திறக்காமல் தனியாகக் கிடந்தது நாங்கள்தான்.

கரைக்கு வந்தபோது மாமி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை.

"அழுதானா?" என்றார்.

"அழுதாவ."

"பக்கத்துல ஆள் இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமி."

மாமி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பையைப் பிரித்தார். ஒவ்வொரு சட்டையாக எடுத்து மடியில் விரித்தார். அந்தப் பிள்ளைக்காக மாமி அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுதுகொண்டே சொன்னார்.

"எனக்கும் ஒண்ணு போச்சுளா. இவனுக்கு முன்னால."

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணியில் போய்வந்தவர். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் கடலில் இருந்தபோது நடந்திருக்கிறது. கரு உண்டானதே அவர் போன பிறகுதான் தெரிந்ததாம். வந்த பிறகு இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மாமி இருந்திருக்கிறார்.

"எறங்கி வந்தாவ. சிரிச்ச மூஞ்சியா வந்தாவ. இன்னைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன். அப்புறம் திரும்பப் போயிட்டாவ. அடுத்த தடவ வந்தப்போ இத எப்படி எடுக்கதுன்னு தெரியல. அப்படியே போச்சு."

"மாமாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா?"

தெரியாது என்று மாமி தலையை ஆட்டினார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று இந்த வாரம் மாமியிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எழுதிக்கோ. படிக்கத்தான் அவிய இல்லியே."