திரித்துவத்துக்கு நான் சொன்ன விளக்கம்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மூட்டை தூக்கித் தொடங்கி, இன்று மலையாள நாட்டு ஆரியசாலைக் கடைத்தெருவில் இரண்டு மிளகாய் மொத்தக்கடைக்கு முதலாளி. எனக்கு விளங்காதது எதுவுமில்லை என்று நினைத்திருந்தேன். அதை எண்ணினாலே இப்போது கூசுகிறது.

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், ஒரே தெய்வம் எப்படிப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராக இருக்க முடியும் என்று ஒருவர் கேட்டார். போதகர் வாய் திறக்குமுன் நான் எழுந்தேன்.

"என்னையே பாருங்க. வீட்டில அப்பா, கடையில முதலாளி, சபையில கமிட்டி மெம்பர். ஆளு ஒண்ணு, வேஷம் மூணு. அவ்வளவுதான்!"

கைதட்டினார்கள். என் கடையில் மிளகாய்க் காம்பு கிள்ளும் மரியம்மா மட்டும் தட்டவில்லை. போன வருடம் மகனைப் பறிகொடுத்தவள்.

"அப்போ ஆளு ஒண்ணுதான்னா, குமாரன் சிலுவையில செத்தப்போ, பிள்ளைய இழந்த அப்பான்னு மேல யாருமே இல்லையா முதலாளி? அவருக்கும் இந்த வேதன தெரியும்னுதானே நான் ஜெபிக்கிறேன்?"

"உனக்கு அது புரியாது. நீ காம்பக் கிள்ளு, போதும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் போதகர் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, நீங்க சொன்னது சபை எப்பவோ தள்ளிவிட்ட போதனை. தெய்வம் ஒண்ணுதான். ஆனா பிதா வேற, குமாரன் வேற. வேஷமில்ல. மரியம்மா நினைச்சதுதான் சரி, கேட்டோ."

என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. மறுநாள் கடையில் எல்லோர் முன்னிலும் அவளிடம் போய், நான் சொன்னது தப்பு, அவள் நினைத்ததுதான் சரி என்றேன்.

"அப்போ இனியும் அவர்கிட்ட அழலாம், அல்லே?" என்றாள்.

"அழலாம்மா."

தெய்வத்தைப் பற்றி என் வாயிலிருந்து சரியாக வந்தது அந்த ஒரு சொல்தான்.